ஒரே கிளையன்ட்டுல ஆறு வருஷம்: வளர்ச்சியா, வெறும் பழக்கமா?



போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் புதுக்கோட்டை. உடனே தொண்டைமான் அரண்மனையை நினைச்சுடாதீங்க. இது தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல, வாகைக்குளம் ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற புதுக்கோட்டை. சாயங்காலம் டீக்கடையில நின்னுட்டு இருந்தப்போ, தெரிஞ்ச வீட்டுத் தம்பி ஒருத்தர் பக்கத்துல வந்தார்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரமாச்சு. விஷயம் இதுதான். இன்ஜினியரிங் முடிச்சதும் சென்னையில ஒரு கன்சல்டிங் கம்பெனியில சேர்ந்திருக்கார். சேர்ந்த மூணாவது மாசம் ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியோட ப்ராஜெக்ட்ல போட்டாங்க. ஆறு வருஷமா அதே கிளையன்ட்தான். "எங்க வேலை பாக்கன்னு யாராவது கேட்டா, என் கம்பெனி பேரு வாயில வரலண்ணே. கிளையன்ட் பேரைத்தான் சொல்லுதேன்"னு சிரிச்சார்.

அடுத்து அவர் சொன்ன ரெண்டு விஷயம் எனக்குச் சிரிப்பா இல்ல.

ஒண்ணு: "நீ இல்லாம இந்த ப்ராஜெக்ட் ஓடாதுன்னு மேனேஜர் சொல்லுதாரு."

ரெண்டு: "இந்த வருஷம் வெளிய ரெண்டு இன்டர்வியூ போனேன். ரெண்டுலயும் முதல் ரவுண்டுலயே அனுப்பிட்டாங்க."

உள்ள இருக்கும்போது நீங்க இல்லாம ஓடாது. வெளிய வந்தா உங்களை எடுக்க ஆள் இல்ல. ஒரே ஆளுக்கு இது ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்? முடியும். எனக்கே நடந்திருக்கு. அதைப் பின்னாடி சொல்றேன். நம்ம சேனல்ல பத்து நிமிஷ வீடியோவுக்குள்ள இது அடங்காது, அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல ஒரு தப்பான அறிவுரையை ஓரமா வச்சுடுவோம்

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாறிக்கிட்டே இரு, அப்பதான் சம்பளம் ஏறும்"னு ஒரு கூட்டம் சொல்லும். "ஒரே இடத்துல விசுவாசமா இரு, தானா உயர்த்துவாங்க"ன்னு நம்ம அப்பா, சித்தப்பா எல்லாம் சொல்வாங்க. ரெண்டுமே பாதி உண்மைதான்.

ஒரே கிளையன்ட்கிட்ட இருந்து வளர முடியும்கிறதுக்கு நம்ம சென்னையிலேயே பெரிய உதாரணம் இருக்கு. காக்னிசன்ட் 1994-ல சென்னையில ஆரம்பிச்சப்போ, அது டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்கிற அமெரிக்க நிறுவனத்தோட சொந்த டெக்னாலஜி பிரிவு மாதிரிதான் இருந்துச்சு. தாய் நிறுவனத்தோட வேலைகள்தான் அதுக்குச் சோறு. அந்தப் பெரிய வீட்டு வேலையில தொழில் பழகி, 1996-ல வெளி கிளையன்ட்டுகளை எடுக்க ஆரம்பிச்சாங்க. 1998-ல அமெரிக்க நாஸ்டாக் சந்தையில பங்கு வெளியிட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்ன? ஒரே கிளையன்ட்கிட்ட ஆரம்பிச்சது அவங்களுக்குத் தடையா இருக்கல. அங்க கத்துக்கிட்டதை ரெண்டே வருஷத்துல அடுத்தவங்களுக்கும் விக்கிற மாதிரி மாத்திக்கிட்டாங்க. அந்த மாத்தம் நடக்கலைன்னா, இன்னிக்கு அது யாரோ ஒருத்தரோட பின்கட்டு ஆபீஸா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நாலுல ஒரு பங்கு வருமானத்தை வேண்டாம்னு சொன்ன கதை

இப்போ 1995, பெங்களூரு. இன்ஃபோசிஸ் அப்போ சின்ன கம்பெனி. அவங்க வருமானத்துல 25 சதவீதம் ஒரே கிளையன்ட்கிட்ட இருந்து வந்துச்சு. அமெரிக்காவோட முதல் பத்து பெரிய நிறுவனங்கள்ல ஒண்ணு அது. அந்த கிளையன்ட் எல்லா இந்திய சாஃப்ட்வேர் கம்பெனிகளையும் பெங்களூருல ஒரே ஹோட்டலுக்கு வரவழைச்சு, தனித்தனி ரூம்ல உக்கார வச்சு விலை பேசினாங்க. அவங்க கேட்ட விலை கட்டுப்படியாகாதது. நாராயண மூர்த்தி 2007-ல நியூயார்க் பல்கலைக்கழகத்தோட ஸ்டெர்ன் பிசினஸ் ஸ்கூல்ல பேசும்போது இதை விவரமா சொல்லியிருக்கார். யோசிச்சுப் பார்த்து, அந்த விலைக்கு வேண்டாம்னு மரியாதையா விலகிட்டாங்க.

பெரும்பாலும் கதையை இந்த இடத்தோட நிறுத்தி, "ஆகா, என்ன தைரியம்!"னு கைதட்டிட்டுப் போயிடுவாங்க. ஒரு சிஏவா எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். இனிமே எந்த ஒரு கிளையன்ட், ஒரு டெக்னாலஜி, ஒரு நாடு, ஒரு முக்கிய ஊழியர் மேலயும் அளவுக்கு மீறி சாய்ஞ்சு நிக்கக் கூடாதுன்னு, அதைக் கண்காணிக்க உள்ளேயே ஒரு குழு அமைச்சாங்க. அடி விழுந்த இடத்துல நிரந்தரமா ஒரு காவல் போட்டாங்க.

கம்பெனிகள் இதைக் கத்துக்கிட்டு முப்பது வருஷம் ஆச்சு. ஆனா அந்தக் கம்பெனிகள்ல வேலை பார்க்கிற நாம?

கம்பெனிக்கு ஒரு சதவீதம், உங்களுக்கு நூறு சதவீதம்

இந்தக் கணக்கைப் பலரும் கவனிக்கிறதில்ல. உங்க கம்பெனிக்கு முன்னூறு கிளையன்ட் இருக்கலாம். அதுல ஒண்ணு போனா அவங்க லாப நஷ்டக் கணக்குல ஒரு கீறல் விழும். ஆனா அந்த ஒண்ணுலதான் உங்களோட ஆறு வருஷம் இருக்கு. கம்பெனிக்குப் பரவியிருக்கிற ரிஸ்க், உங்க தலையில மொத்தமா உக்காந்திருக்கு.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கு. ஆர்தர் ஆண்டர்சன். உலகத்தோட அஞ்சு பெரிய ஆடிட் நிறுவனங்கள்ல ஒண்ணா இருந்துச்சு, 85,000 பேர் வேலை பார்த்தாங்க. என்ரான் என்கிற எரிசக்தி நிறுவனம் 1985-ல உருவானதுல இருந்து 2001-ல திவாலாகிற வரைக்கும், 16 வருஷம், இவங்கதான் ஆடிட்டர். 2000-ம் வருஷத்துல மட்டும் என்ரான் கொடுத்த ஃபீஸ் 5.2 கோடி டாலர். அதுல 2.5 கோடி ஆடிட்டுக்கு, 2.7 கோடி கன்சல்டிங்குக்கு.

ஆண்டர்சனோட உலக வருமானத்துல அது ஒரு சதவீதம்கூட வராது. ஆனா ஹூஸ்டன் ஆபீஸுக்கு அதுதான் பெரிய படியளக்கிற வீடு. அப்படி ஒரு கிளையன்ட்கிட்ட "இது தப்பு"ன்னு சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? கடைசியில என்ன ஆச்சுன்னு தெரியும். ஆவணங்களை அழிச்ச வழக்குல 2002 ஜூன்ல குற்றவாளின்னு தீர்ப்பு. 2005-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. ஆனா அதுக்குள்ள நிறுவனமே கலைஞ்சு போச்சு.

ரொம்ப நாள் ஒரே இடத்துல இருந்தா பார்வை மங்கும்னு நம்ம சட்டமே சொல்லுது. 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 139(2) படி, பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனிகள்லயும் குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கிற மத்த கம்பெனிகள்லயும், தனி ஆடிட்டர்னா தொடர்ந்து 5 வருஷம்தான் இருக்கலாம். ஆடிட் ஃபர்ம்னா 10 வருஷம். அதுக்கப்புறம் 5 வருஷம் அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. ஆடிட்டருக்கு இப்படிச் சட்டம் போட்டு மாத்துறாங்க. உங்களை மாத்த எந்தச் சட்டமும் வராது. நீங்களேதான் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கணும்.

சரி, என் கதை

நான் 2016-ல தூத்துக்குடியில சொந்தமா பிராக்டிஸ் ஆரம்பிச்சேன். முதல் வருஷம் சின்னச் சின்ன ரிட்டர்ன்தான். அப்புறம் ஒரு ஏற்றுமதிக் குடும்பம் எங்ககிட்ட வந்தாங்க. பேர் வேண்டாம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததும் அவங்க வேலை மூணு மடங்காச்சு. மாசா மாசம் ஃபீஸ், சொன்ன தேதியில வரும். பெரியவர் என்னை "தம்பி, வாங்க"ன்னு வீட்டுக்குள்ள கூப்பிட்டு மீன் குழம்பு சோறு போடுவார். நாலு வருஷத்துல என் மொத்த ஃபீஸ்ல நூத்துக்கு 58 ரூபாய் அவங்ககிட்ட இருந்து வந்துச்சு. அந்தக் கணக்கைக்கூட நான் அப்போ போட்டுப் பார்க்கல. ஊரார் கணக்கெல்லாம் பார்ப்பேன், என் கணக்கைப் பார்க்கல.

2021 பங்குனி மாசம் ஒரு போன். பெரியவரோட மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, சென்னையில ஒரு பெரிய ஃபர்ம்கிட்ட கொடுக்கலாம்னு இருக்கோம்." அவர் மேல தப்பே இல்ல. அவங்க தொழில் வளர்ந்துச்சு, என் ஆபீஸ் அதுக்கேத்த மாதிரி வளரல.

அன்னிக்கு என்கிட்ட ரெண்டு ஆர்ட்டிகிள்ஸ் பசங்க, ஒரு அக்கவுன்டன்ட், ஆபீஸ் வாடகை, கார் இஎம்ஐ. கையில இருந்தது ரெண்டு மாசச் செலவுக்கான காசு. பழைய வருமானத்துக்குத் திரும்ப 14 மாசம் ஆச்சு. நடுவுல வீட்டு நகை பேங்குக்குப் போயிட்டு வந்துச்சு.

காசை விட இன்னொன்னுதான் அதிகமா வலிச்சது. புது கிளையன்ட் தேடிப் போனப்போ, "நீங்க எதுல ஸ்பெஷல்?"னு ஒருத்தர் கேட்டார். எனக்குப் பதில் வரல. அந்தக் குடும்பத்தோட எந்த ஃபைல் எந்த பீரோவுல இருக்கு, எந்த பேங்க் மேனேஜர்கிட்ட எப்படிப் பேசணும், எந்தப் பங்காளிக்கு எந்தப் பங்காளியோட ஆகாது, எல்லாம் தெரியும். ஆனா அதெல்லாம் அந்த வீட்டு வாசலைத் தாண்டினா செல்லாத காசு.

ராத்திரி உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதினேன். இந்த அஞ்சு வருஷத்துல நான் கத்துக்கிட்டதுல எது எது வேற வீட்டுலயும் செல்லும்? நீளமான பட்டியல்ல ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு: ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி ரீஃபண்ட். தடைபட்ட ரீஃபண்டை எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சு வாங்கிக் கொடுக்கிறது. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு வெளிய போனேன். அடுத்து வந்த மூணு கிளையன்ட்டுகளும் அதுக்காகத்தான் வந்தாங்க.

பாருங்க, அந்த ஒண்ணையும் எனக்குக் கத்துக் கொடுத்தது அதே நீண்டகால கிளையன்ட்தான். ஒரு வருஷத்துல விலகியிருந்தா அவ்வளவு ஆழமா கத்திருக்க மாட்டேன். அதனால அஞ்சு வருஷம் அங்க இருந்ததை நான் தப்பா நினைக்கல. அஞ்சு வருஷமும் எது என்னோடது, எது அவங்களோடதுன்னு பிரிச்சுப் பார்க்காம இருந்ததுதான் தப்பு.

முத்தும் மூச்சும்

இதை எங்க கடற்கரைக்காரங்ககிட்ட சொன்னா சட்டுனு பிடிச்சுக்குவாங்க. தூத்துக்குடிக்கு "முத்து நகர்"னு பேர். ஆனா முத்துக்குளிப்பு எப்பவுமே வருஷா வருஷம் நடந்த தொழில் இல்ல. பார்ல சிப்பி விளைஞ்சிருக்கான்னு பார்த்து, அரசாங்கம் அறிவிச்சாதான் குளிப்பு. பல வருஷம் ஒண்ணுமே இருக்காது. கடைசியா 1955-ல தொடங்கி 1961 வரைக்கும் நடந்துச்சு, அதோட முடிஞ்சுது.

முத்து நின்னதும் கடலுக்குள்ள முங்குறவங்க எல்லாரும் வீட்டுல உக்காந்துட்டாங்களா? இல்ல. முத்து இல்லாத வருஷங்கள்ல அவங்க சங்கு குளிச்சாங்க. இன்னிக்கும் தூத்துக்குடியில சங்குகுளி தொழிலாளர்கள் இருக்காங்க. அந்தச் சங்கு மேற்கு வங்காளத்துக்குப் போய் கல்யாணப் பொண்ணுங்க கையில வளையலாகுது.

முத்து அவங்களோடது இல்ல. பார் அவங்களோடது இல்ல. ஆனா ஆழத்துல போய் மூச்சடக்குறதும், கலங்கின தண்ணியில தேடுறதும், பத்திரமா மேல வர்றதும் அவங்களோடது. கிளையன்ட்தான் முத்து. உங்க தொழில் அறிவுதான் மூச்சு. ஆறு வருஷத்துல மூச்சு நீண்டிருக்கா, இல்ல ஒரே பார்ல சிப்பி எங்க கிடக்குன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கா? இதுதான் கேள்வி.

உங்களை நீங்களே ஆடிட் பண்ண நாலு கேள்வி

தம்பிகிட்ட நாலு கேள்வி கேட்டேன். நீங்களும் ஒரு பேப்பர் எடுத்துக்குங்க.

1. கிளையன்ட் பேர், அவங்க உள் சாஃப்ட்வேர் பேர், உங்க டீம் பேர், இது எதையும் சொல்லாம உங்க வேலையை மூணு வரியில சொல்ல முடியுமா? தம்பி தடுமாறினது இங்கதான். அவர் இன்டர்வியூல தோத்ததும் இங்கதான். அவர் சொன்ன பாதி வார்த்தைகள் அந்த கிளையன்ட் ஆபீஸுக்கு வெளிய யாருக்கும் புரியாது.

2. போன வருஷ அப்ரைசல் ஃபார்மையும் இந்த வருஷத்தோடதையும் பக்கத்துல வைங்க. தேதியை மறைச்சா எது எதுன்னு தெரியுமா? தெரியலைன்னா, உங்களுக்கு ஆறு வருஷ அனுபவம் இல்ல. ஒரு வருஷ அனுபவம் ஆறு தடவை.

3. கிளையன்ட் உங்களை எதுக்குக் கூப்பிடுறாங்க? "அந்த ரிப்போர்ட் எங்க இருக்கு?"ன்னு கேட்கவா, "இதை எப்படிச் செய்யலாம்?"னு கேட்கவா? முதல் கேள்விக்கு ஒரு நல்ல ஃபோல்டர் போதும். ரெண்டாவது கேள்விக்குத்தான் மனுஷன் வேணும்.

4. இந்த ப்ராஜெக்ட் அடுத்த 30 நாள்ல முடியுதுன்னு மெயில் வந்தா, வீட்டை எத்தனை மாசம் ஓட்டுவீங்க?

முதல் மூணு கேள்வியில ரெண்டுக்காவது நல்ல பதில் இருந்தா, தாராளமா இருங்க. ஆறு என்ன, பத்து வருஷம் இருங்க. மூணுமே ஆடுதுன்னா இடத்தை மாத்துறதுக்கு முன்னாடி வேலையை மாத்துங்க. ஒரே கிளையன்ட்குள்ளயே அது முடியும். டெஸ்டிங்ல இருந்து டிசைனுக்கு, ரிப்போர்ட் எழுதுறதுல இருந்து கிளையன்ட்கிட்ட நேரடியா பேசுற இடத்துக்கு. "நீ இல்லாம ஓடாது"ன்னு மேனேஜர் சொன்னா சந்தோஷப்படாதீங்க. "அப்போ ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்துட்டு மேல போறேன், நேரம் கொடுங்க"ன்னு கேளுங்க. நீங்க இல்லாம ஓடாத இடத்துல இருந்து உங்களை யாரும் மேல தூக்க மாட்டாங்க. தூக்கினா அந்த இடம் காலியாயிடும்ல?

இதுல காசு எவ்வளவுன்னு ஒரு கணக்கு பார்ப்போம். 25,000 ரூபாய் சம்பளத்துல சேர்ந்து, வருஷம் 8% மட்டும் ஏறினா ஆறு வருஷம் கழிச்சு சுமார் 39,700. அதே ஆறு வருஷத்துல ஒரே ஒரு வருஷம் மட்டும் பொறுப்பு மாறி 30% கிடைச்சு, மத்த அஞ்சு வருஷமும் அதே 8% ஏறினா சுமார் 47,750. மாசம் 8,000 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 97,000. அதுவும் அதோட நிக்காது. அடுத்து வர்ற ஒவ்வொரு உயர்வும் அந்தப் பெரிய தொகை மேலதான் ஏறும்.

"வேண்டாம்"னு சொல்லக் காசு வேணும்

இன்ஃபோசிஸ் அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது தைரியத்துல மட்டும் இல்ல. மீதி 75 சதவீதம் கையில இருந்துச்சு. உங்களுக்குச் சம்பளம்னா ஒரே இடம்தான், நூத்துக்கு நூறு. அதனால உங்க "மீதி 75" சேமிப்புலதான் இருக்கணும்.

அவசர நிதின்னா பொதுவா 6 மாசச் செலவுன்னு சொல்வோம். ஒரே கிளையன்ட்டுல ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்கு நான் 9 மாசம்னு சொல்றேன். ஏன்னா வெளிய போய் மறுபடி தயாராக உங்களுக்குக் கூடுதல் நேரம் வேணும். வாடகை, இஎம்ஐ, ஊருக்கு அனுப்புற பணம் எல்லாம் சேர்த்து மாசம் 40,000-ன்னா, 3,60,000 ரூபாய். ஒரு பகுதி சேவிங்ஸ்ல, மீதி எஃப்டி இல்லைன்னா லிக்விட் ஃபண்ட்ல. இந்தப் பணத்துக்கு வட்டி எவ்வளவுன்னு பார்க்காதீங்க. ராத்திரி தூக்கம் வருதான்னு பாருங்க.

கிளையன்டே நேரா வேலைக்குக் கூப்பிட்டா?

தம்பி கடைசியா மெதுவா சொன்னார். கிளையன்ட் சென்னையில சொந்த ஆபீஸ் திறக்குறாங்களாம், "நீ நேரா எங்ககிட்டயே வந்துடு"ன்னு கேட்டிருக்காங்க. இது இப்போ நிறைய பேருக்கு வர்ற கேள்வி. மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, ஒப்பந்தம். வேலையை விட்ட பிறகு வேற எங்கயும் வேலை செய்யக் கூடாதுன்னு போடுற தடை, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 படி பொதுவா செல்லாது. ஆனா வேலையில இருக்கிற காலத்துக்கான பாண்டு வேற விஷயம். மூணு வருஷத்துக்கு முன்னாடி விலகினா 2 லட்சம் கட்டணும்கிற விஜயா வங்கியோட நிபந்தனை செல்லும்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நோட்டீஸ் காலம், ரகசியக் காப்பு இதெல்லாமும் உங்களைக் கட்டும். உங்க கம்பெனிக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவுல "ஒருத்தர் ஆளை ஒருத்தர் எடுக்கக் கூடாது"ன்னு தனி ஒப்பந்தம் இருக்கலாம். அதை கிளையன்ட்கிட்டயே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

ரெண்டு, கையில வர வேண்டியது. அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி உண்டு. பேசிக் 25,000, ஆறு வருஷம்னா 25,000 × 15 ÷ 26 × 6, கிட்டத்தட்ட 86,500 ரூபாய். நாலே முக்கால் வருஷத்துல இருக்கிறவங்க நாளை எண்ணிட்டு பேப்பர் போடுங்க. பிஎஃப் பணத்தை எடுக்காதீங்க, புதுக் கணக்குக்கு மாத்துங்க.

மூணு, எந்த வடிவத்துல கூப்பிடுறாங்க? ஊழியராவா, "கன்சல்டன்ட்"டாவா? கன்சல்டன்ட்னா தொகை பெருசா தெரியும். ஆனா முதலாளி பங்கு பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, மருத்துவக் காப்பீடு நீங்கதான் எடுக்கணும், 10% டிடிஎஸ் பிடிச்சுட்டுத்தான் பணம் வரும். அதுலயும் ஒரே கிளையன்ட் வச்சிருக்கிற கன்சல்டன்ட்னா, பாதுகாப்பு இல்லாத ஊழியர்தான். அந்த வடிவத்துல போறதா இருந்தா, முதல் வருஷத்துக்குள்ள ரெண்டாவது கிளையன்ட் ஒண்ணு பிடிக்கிற திட்டத்தோட போங்க. இது 58 ரூபாய் பாடம் படிச்சவன் சொல்றது.

அப்புறம் தம்பி என்ன பண்ணினார்?

ராஜினாமா எல்லாம் பண்ணல. தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கு, அவசர நிதி ஒன்றரை மாசத்துக்குத்தான் இருக்கு. இந்த நிலைமையில குதிக்கச் சொல்ற ஆள் நான் இல்ல. மேனேஜர்கிட்ட பேசி, ரெண்டு ஜூனியர்களுக்கு வேலையைக் கைமாத்துறதுக்கு ஆறு மாசம் கேட்டிருக்கார். க்ளெய்ம்ஸ் டேட்டா டிசைன் பக்கம் போகணும்னு எழுத்துல கொடுத்திருக்கார். கிளையன்ட்கிட்ட "ஊழியரா எடுத்தா யோசிக்கிறேன், கன்சல்டன்ட்னா இப்போ வேண்டாம்"னு சொல்லியிருக்கார். ரெண்டு பக்கமும் பதில் இன்னும் வரல.

போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, என் வேலையை மூணு வரியில எழுதிட்டேன், கேளுங்க"ன்னு படிச்சுக் காட்டினார். கிளையன்ட் பேர் ஒரு தடவைகூட வரல. எனக்கு முழுசா புரிஞ்சுது.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி அந்த மூணு வரியை எழுதிப் பாருங்க. எழுதினதை, உங்க தொழிலே தெரியாத உங்க அம்மாகிட்டயோ ஃப்ரெண்டுகிட்டயோ படிச்சுக் காட்டுங்க. அவங்களுக்குப் புரிஞ்சா, கிளையன்ட் போனாலும் வேலை உங்ககிட்ட இருக்குன்னு அர்த்தம். புரியலைன்னா, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுடுச்சு.

அடுத்த பதிவுல பார்ப்போம்.